கம்பெனிக்கு அபராதம் விழுந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?

சிங்கப்பூரில் ஆலைப் பாதுகாப்பு பற்றி எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை விபத்து நடந்து முடிந்த பிறகு வருபவை. இந்த முறை இரண்டு கேள்விகள் முன்கூட்டியே வந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

ஜூரோங்கில் ஒரு பட்டறையில் வேலை. மெஷினில் மாட்டி ஆள்காட்டி விரல் நுனி போய்விட்டது. மனிதவள அமைச்சு விசாரிக்கிறது. கம்பெனிக்கு அபராதம் போட்டால் அந்தப் பணம் எனக்கு வருமா அண்ணே?

வராது தம்பி. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் முதல் குற்றத்துக்கே ஒரு நிறுவனத்துக்கு 500,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். அது முழுக்க அரசாங்கத்துக்குப் போவது. வழக்கு முடியட்டும் என்று நீங்கள் காத்திருக்கவும் வேண்டாம்.

உங்களுக்குரிய பணம் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் இருக்கிறது. தப்பு யாருடையது என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. வேலையின்போது அடிபட்டதா என்பதுதான் அங்கே கேள்வி. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு நிரந்தர ஊனமென்றால் அதிகபட்சம் 346,000 வெள்ளி, மருத்துவச் செலவுக்கு 53,000 வெள்ளி. விரல் நுனிக்கு இவ்வளவு வராது. டாக்டர் குறிக்கும் ஊனச் சதவீதம், உங்கள் வயது, சம்பளம் மூன்றையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கை போட்டாக வேண்டும். அதை மட்டும் தவற விட்டுவிடாதீர்கள்.

கால் சுளுக்கு. டாக்டர் எம்சி (மருத்துவ விடுப்பு) தரவில்லை, மூன்று நாள் லைட் டூட்டிதான் (இலகுவான வேலை) எழுதினார். "தங்குவிடுதிப் படிக்கட்டில் விழுந்தேன்னு சொல்லிடு, கம்பெனிக்குப் பிரச்சினை வேண்டாம்" என்கிறார் சூப்பர்வைசர். சொல்லலாமா?

சொல்லாதீர்கள். இந்த ஒரு பொய்யால் எத்தனை பேர் இழப்பீட்டுக்கு அலைந்தார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து மனசு கசந்துவிட்டது.

கிளினிக்கில் நடப்பது இதுதான். சூப்பர்வைசரும் கூடவே உள்ளே வருவார். டாக்டர் உங்களிடம்தான் கேட்பார், பதில் சூப்பர்வைசர் வாயிலிருந்து வரும். நீங்கள் தலையாட்டுவீர்கள். டாக்டர் கணினியில் தட்டுகிற அந்த ஒரு வரிதான் பின்னால் பெரிய சாட்சி. ஆறு மாதம் கழித்து வலி திரும்பி வந்து, "இல்லை, அது வேலையிடத்தில் நடந்தது" என்று நீங்கள் சொன்னால் எல்லாரும் முதலில் அந்த வரியைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

அதனால் நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். அரைகுறை ஆங்கிலம் போதும்: எங்கே, எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது. வெளியே வந்ததும் டாக்டர் கொடுத்த தாளைப் படம் எடுத்து ஊரில் வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். போன் தொலைந்தாலும் தாள் இருக்கும்.

லைட் டூட்டிதானே என்று விடவும் கூடாது. 2020 செப்டம்பர் 1 முதல், வேலையில் பட்ட காயத்துக்கு ஒரு நாள் எம்சியோ லைட் டூட்டியோ கிடைத்தாலே முதலாளி அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

சேஃப்டி ஷூவுக்குச் சம்பளத்தில் 45 வெள்ளி பிடித்துவிட்டார்கள்.

கூடாது. சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்கு ஊழியரிடம் காசு பிடிப்பது குற்றம். சம்பளச் சீட்டை எடுத்து வையுங்கள்.

எங்கள் கம்பெனியில் பிரஸ் மெஷினின் காப்புக் கதவைத் திறந்து வைத்தே ஓட்டச் சொல்கிறார்கள். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேசாமல் இருக்கலாமா?

முன்கூட்டியே வந்த கேள்வி என்று சொன்னேனே, அதில் ஒன்று இது. இந்தத் தந்திரம் எனக்கு நன்றாகத் தெரியும். கதவு மூடினால்தான் மெஷின் ஓடும்படி ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். கதவில் இருக்கும் அதன் சாவித் துண்டைக் கழற்றி, சுவிட்சிலேயே செருகி, கறுப்பு டேப் சுற்றிவிடுவார்கள். அப்புறம் கதவு மூடியிருப்பதாகவே மெஷின் நினைத்துக்கொள்ளும். ஒரு துண்டுக்குச் சில விநாடி மிச்சமாகும். அந்தச் சில விநாடிக்காகத்தான் கை உள்ளே போகிறது.

"ஒன்றும் ஆகவில்லை" என்பதை நான் ஒருபோதும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. 2021 பிப்ரவரி 24 அன்று துவாஸில் ஒரு பட்டறையில் கலவை இயந்திரம் வெடித்து மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். அந்த இயந்திரத்தில் அதற்கு முன்பே எண்ணெய் கசிந்ததும், சிறு தீ பிடித்ததும் விசாரணையில் வெளிவந்தது. அவர்களும் அதுவரை ஒன்றும் ஆகாமல்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் எல்லார் முன்னிலையிலும் சொல்லுங்கள். அசையவில்லை என்றால் ஸ்னாப்சேஃப் என்ற அமைச்சின் புகார்ச் சேவை வழியாகப் படத்தோடு அனுப்பலாம். பாதுகாப்பு அதிகாரிகளுக்கு உதவியதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவதையும் சட்டம் தடுக்கிறது. நீக்கிவிடுவார்களோ என்ற பயம் அதனால் போய்விடாது என்பது தெரியும். கடன் வாங்கி வந்தவனுக்கு ஒர்க் பெர்மிட்தான் உயிர். ஆனாலும் அந்த டேப்பை நீங்களே சுற்றாதீர்கள். சட்டம் ஊழியர்களையும் சூப்பர்வைசர்களையும் சேர்த்தே பிடிக்கும்.

25 பேர் வேலை செய்யும் சிறு தொழிற்சாலை என்னுடையது. அபராதத்தைக் கட்டிவிட்டால் விஷயம் முடிந்ததுதானே?

முடியாது சார். 2023 அக்டோபரிலிருந்து பாதுகாப்பு விதியை மீறும் கம்பெனிக்குப் புள்ளி போடும் குறைப் புள்ளி முறை உற்பத்தித் துறைக்கும் வந்துவிட்டது. 18 மாதங்களுக்குள் 25 புள்ளி சேர்ந்தால் புது வெளிநாட்டு ஊழியர்களை எடுக்க முடியாது. புள்ளி கூடக் கூட தடைக்காலமும் நீளும், பெர்மிட் புதுப்பிப்பதும் நிற்கும். 2024 ஜூன் 1 முதல் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் துணை விதிமுறைகளை மீறினால் அதிகபட்ச அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 ஆகிவிட்டது. உங்களைப் போன்ற சின்னக் கம்பெனிக்கு அபராதத்தைவிட ஆள் இல்லாமல் போவதுதான் பெரிய அடி.

அடுத்த வாரம் டேங்க் கழுவப் போகிறோம். என்ன கேட்டு வாங்க வேண்டும்?

இந்தக் கேள்வியைப் போகும் முன்பே கேட்டீர்களே, அதற்கு நன்றி தம்பி. 2024 மே மாதம் சுவா சூ காங் நீர் ஆலையில் தொட்டி கழுவும் வேலையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தாக்கி ஓர் ஊழியர் இறந்துபோனார். அந்த வாயுவை அழுகிய முட்டை நாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது.

மூன்று விஷயம் கேளுங்கள். கையெழுத்தான நுழைவு பெர்மிட், அது மேன்ஹோல் பக்கத்திலேயே ஒட்டியிருக்க வேண்டும். இன்று, நுழைவதற்கு முன் எடுத்த வாயு அளவு: ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், நச்சு வாயுவையும் தனியாக அளந்திருக்க வேண்டும். மூன்றாவது, வாசலில் ஓர் ஆள். அவர் டீ குடிக்கக்கூடப் போகக்கூடாது.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாடியே இறங்காதீர்கள். நண்பனைத் தூக்கப் போனவன்தான் அடுத்தவனாக விழுகிறான். கயிறு கட்டியிருந்தால் வெளியிலிருந்து இழுங்கள், ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். மூச்சுக் கருவி போட்டவர்கள் வரும்வரை வாசலிலேயே நில்லுங்கள். அவன் உங்கள் அறைத் தோழனாகவே இருந்தாலும்.