வாங்கிப் போட்டு மூலையில கெடக்குத பிள்ளைச் சாமான்: கேட்டதும் சொன்னதும்

பிள்ள பொறக்கதுக்கு முன்னால ஆசையா வாங்கி வச்சி, பொறவு தொடவே தொடாத சாமான் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்லுதேன்னு சொன்னேன், கேள்வி வந்து குமிஞ்சி போச்சி. நான் டாக்டர் இல்ல, பிரசவ வார்டுல 27 வருஷம் நர்ஸா நின்னு ரிட்டயர்டு ஆனவ, ரெண்டு பிள்ள வளத்து இப்பம் பேரன் வளக்குதேன். அதனால மருந்து கேக்காதீங்க, சாமான் மட்டும் கேளுங்க.

மார்த்தாண்டத்துல இருந்து, 7 மாசம்: சிஸ்டர், எங்க அம்மச்சி பிள்ள பொறக்கதுக்கு முன்னால ஒரு துணி கூட வாங்கப்பிடாதுன்னு சொல்லுதாவ. வீட்டுக்காரர் போன்ல 43 சாமானுக்கு லிஸ்ட் போட்டு வச்சிருக்காரு. யாரு சொல்லது சரி?

அம்மச்சி சொல்லுத காரணம் வேற, ஆனா பர்சுக்கு அவிய பேச்சுதான் லாபம். என்னென்ன வேணும்னு பிள்ள பொறந்து ஒரு மாசத்துல அதுவே நமக்கு காட்டித் தந்துரும், அதுக்கு முன்னால வாங்குததெல்லாம் நம்ம ஆசைக்கு வாங்குதது. முதல்ல வேண்டியது ஒரு பைக்குள்ள அடங்கும். அரசு ஆஸ்பத்திரில பிரசவம் ஆனவங்களுக்கு 2015ல இருந்து குடுத்தாங்கல்லா அம்மா பரிசுப் பெட்டகம், அதுல மொத்தம் 16 சாமான்தான், துண்டு, உடுப்பு, சின்ன மெத்த, கொசுவல, நாப்கின், எண்ண, சோப்பு, நகவெட்டி, கிலுக்கு, கை கழுவுத லிக்விட், தாய்க்கு ஒரு லேகியம், இப்பிடி. எல்லாம் சேத்து ₹1,000 கணக்குல போட்டது. அதுல நான் ஒண்ணாம் எடம் குடுக்கது கை கழுவுத லிக்விடுக்கு. பிள்ள பாக்க வாறவங்க எல்லாரும் பஸ்ஸுல கம்பிய புடிச்ச கையோட நேர வந்து கன்னத்த கிள்ளுவாங்க, அந்த பாட்டில வாசல் நடையில வச்சிருங்க. வீட்டுக்காரர் லிஸ்ட்ட கிழிக்காண்டாம், பிள்ளைக்கி 40 நாள் ஆன பொறவு எடுத்து வாசிக்கச் சொல்லுங்க, அவரே பாதிக்கு மேல வெட்டிருவாரு.

தோஹாவுல இருந்து ஒரு அப்பா (ஊர் கருங்கல்): 28 கெட்டுக்கு (பொறந்த 28ம் நாள் இடுப்புல கயிறு கெட்டுத சடங்கு) ஊருக்கு வாறேன் அக்கா. பெட்டி 30 கிலோ. பிள்ளைக்கி என்ன கொண்டு வரட்டும்?

தம்பி, கல்ஃப் பெட்டிய பிரிக்கும்போ நான் எத்தனையோ வீட்டுல பக்கத்துல நின்னிருக்கேன். பவுடர், சென்ட் அடிச்ச லோஷன், பேபி ஷாம்பு, துடைக்குத வைப்ஸ் ஒரு டஜன், பொறவு பெரிய டின் பால்பொடி. அந்த பால்பொடி நமக்கு சாயா போட கொள்ளாம், 1 வயசு ஆகாத பிள்ளைக்கி ஆகவே ஆகாது. பவுடர் வேண்டவே வேண்டாம், தட்டும்போ பறக்குத பொடி பிள்ளைக்க நெஞ்சுக்குள்ள போவும். உடுப்பு எடுக்கணும்னா பொறந்த பிள்ள சைஸ்ல எடுக்காதீங்க. பொறந்த பிள்ள முதல் வாரம் எடை கொஞ்சம் குறைஞ்சி, ரெண்டு வாரத்துல திரும்ப ஏறி, அஞ்சு மாசம் போல பொறந்த எடையில ரெண்டு பங்கு ஆயிரும், நீங்க பாத்து பாத்து எடுத்த கோட்டு சூட்டுக்குள்ள ஞானஸ்நானத்துக்கோ கெட்டுக்கோ கை நுழையாது. ஒரு வயசு சைஸ்ல பருத்தித் துணியா எடுங்க. ஷூ எடுக்காதீங்க, நடக்காத பிள்ளைக்கி செருப்பு என்னத்துக்கு.

எனக்கு கேட்டா ஒரு நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் கொண்டு வாங்க, போரும். மூணு மாசத்துக்குள்ள உள்ள பிள்ளைக்கி 100.4 டிகிரி காட்டுனா, வீட்டுல வச்சி நெத்திய தொட்டுத் தொட்டு பாத்துக்கிட்டு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கணும், அத காட்டித் தாறது அந்த சின்னக் குச்சிதான். இன்னொண்ணு, சொன்னா கோவப்படாதீங்க. லீவ 28 கெட்டுக்கு வைக்காதீங்க, முடிஞ்சா பொறந்த ஒடனே உள்ள ரெண்டு வாரத்துக்கு வைங்க. விருந்துக்கு ஆள் தன்னால வரும், ராத்திரி ரெண்டு மணிக்கு பிள்ளைய வாங்கித் தோள்ல போட ஆள் வராது.

திங்கள்சந்தையில இருந்து: துணி நாப்பி போரும்னு மாமியார் சொல்லுதாவ, எனக்கு ஜூன் கடைசில தேதி. டயப்பர் வேஸ்ட்டா?

மாசத்த சொன்னது நல்லதா போச்சி, இதுக்கு பதில் மாசத்துலதான் இருக்கு. மத்த பல ஜில்லாக்காரங்களுக்கு ஒரு மழைக்காலம், நம்ம குமரி ஜில்லாவுக்கு எடவப்பாதியும் (ஜூன்ல தொடங்குத மழை) உண்டு, ஐப்பசி கார்த்திகையும் உண்டு. மாசி பங்குனில பொறந்த பிள்ளைக்க துணி காலைல போட்டா உச்சைக்கு மொறமொறன்னு காஞ்சிரும், ஆனா ஜூன் ஜூலைல கொடியில போட்டது மூணாவது நாளும் ஈரவாட அடிக்கும். இப்பம் கணக்கு போடுங்க, பால் நல்லா குடிக்குத பிள்ள ஒரு நாள் ஆறு எட்டு தடவையாவது மூத்திரம் போவும், வெளிக்கி போறது வேற, ஆக ஒரு நாளைக்கி 10 துணி, காய மூணு நாள்னா 30 துணி இருந்தாதான் வண்டி ஓடும். கடையில டஜன் கணக்கா வாங்காதீங்க. மாமனாருக்க பழைய எட்டு மொழ வேட்டி ஒண்ண கிழிச்சா முழங்கை நீளத்த விட கொஞ்சம் கூடுதலா சதுரமா 12 துணி கிடைக்கும், மூணு வேட்டி இருந்தா காரியம் முடிஞ்சி. பழசுதான் வேணும், புது வேட்டி தண்ணி இழுக்காது, ஓரமும் பிள்ளைக்க தொடைய உரசும்.

அதோட ராத்திரிக்கி மட்டும் டயப்பர் ஒரு சின்ன பாக்கெட். பெரிய பாக்கெட் ஆஃபர்ல இருக்குன்னு எடுக்காதீங்க, எங்க மக அப்பிடி எடுத்து அதுல பாதி பாக்கெட் சைஸ் சின்னதாயி போச்சி, கடைசில அத மீன் பெட்டியில ஐஸ் வெள்ளம் ஒழுகாம இருக்க மருமவன் வச்சான். மாமியார்ட்ட சண்டை போடாண்டாம், ரெண்டு பேரும் சரி.

குளச்சல்ல இருந்து: ஸ்பிரிங் தொட்டிலா, மரத் தொட்டில்கட்டிலா, எது நல்லது?

கடக்கரைல ஸ்பிரிங் ஒரு வருஷம் தாங்காது, உப்புக் காத்துல துருப்பிடிச்சி கீச்சு கீச்சுன்னு கத்தும், தூங்குத பிள்ளைய அதுவே எழுப்பி விடும். தொட்டில்கட்டில் கதைய எங்க வீட்டுல வந்து பாருங்க. நல்ல மரம், நாலு பக்கமும் பஞ்சு வச்ச தடுப்பு, உள்ள ஒரு கரடி பொம்ம. பேரன் அதுல மொத்தமா ஒரு மணிக்கூறு கெடந்திருப்பான். இப்பம் அதுல துவைச்ச துணி மடிக்காம கெடக்கு. அந்த பஞ்சுத் தடுப்பு பிள்ளைக்க மூஞ்சில பொதிஞ்சி மூச்சு முட்ட வைக்கும்னு அமெரிக்காவுல 2022ல சட்டம் போட்டே தடுத்துட்டாங்க, நம்ம ஊர்ல இன்னும் செட்டோட சேத்து விக்குதாங்க. சேலத் தொட்டில் கெட்டுனா நடுவுல கம்பு வச்சி விரிச்சி கெட்டுங்க, இல்லன்னா பிள்ள சுருண்டு தாடை நெஞ்சுல போய் இடிக்கும். ஆள் பக்கத்துல இருக்கும்போ மட்டும் அதுல போடுங்க. மத்தபடி மட்டமான மெத்த, மல்லாக்க கெடத்தணும், மேல குட கொசுவல. கொசுவலைக்கி செலவழிச்ச காசு வேஸ்ட்டுன்னு இன்னைக்கி வர ஒரு தள்ளையும் எங்கிட்ட சொன்னதில்ல.

கடுகு தலையணை வச்சா தல உருண்டையா வரும்னு சொல்லுதாங்களே?

வராது. ஒரு வயசு வர தலையணையே வேண்டாம். பிள்ள முழிச்சிருக்கும்போ கொஞ்ச நேரம் குப்புற போட்டு பக்கத்துல இருந்து வெளாடுங்க, தலைய ஒரு நாள் அந்தப் பக்கம் ஒரு நாள் இந்தப் பக்கம் திருப்பி வைங்க, அவ்வளவுதான். கடுகு மீன் கொழம்பு தாளிக்க இருக்கட்டும்.

தக்கலையில இருந்து, பேங்க்ல வேல: ஸ்டெரிலைசர், பாட்டில் வார்மர், பிரெஸ்ட் பம்ப், மூணும் கார்ட்டுல கெடக்கு. எத எடுக்க?

மூணுல பம்புக்கு மட்டும் ஞாயம் உண்டு, அதுவும் நீங்க வேலைக்கி திரும்பப் போறதுக்கு ஒரு மாசம் முன்னால வாங்குனா போரும், 26 வாரம் லீவு உண்டுல்லா. எடுத்த பால் வெளிய நாலு மணிக்கூறுக்கு மேல வைக்காதீங்க, மேட மாச (சித்திரை) வெயில்ல அது கூட வேண்டாம், ஃபிரிட்ஜுக்கு உள்ள நாலு நாள் இருக்கும், கதவுல வைக்காம உள்ள தள்ளி வைங்க. சூடாக்க வார்மர் எதுக்கு, ஒரு சருவத்துல இளஞ்சூட்டு வெள்ளம் எடுத்து பாத்திரத்த அதுல இறக்கி வச்சா அஞ்சு நிமிஷம். ஸ்டெரிலைசர் வேலைய இட்லிப் பானை பாக்கும், எல்லாம் முங்குத அளவு வெள்ளம் விட்டு மூடி வச்சி 10 நிமிஷம் கொதிக்கட்டும்.

பாட்டிலே வேண்டாம்னு வச்சா இன்னும் நல்லது, பாலாடைல (பால் புகட்டுத சின்னக் கிண்ணம்) குடுத்து பழக்குங்க, கழுவ லேசு, நிப்பிள் குழப்பமும் இல்ல. ஒரு விஷயம் கவனிச்சிருக்கியளா, டிவில என்னென்னவோ சவத்துக்கெல்லாம் விளம்பரம் வரும், பால்புட்டிக்கு வராது. 1992ல வந்த ஒரு சட்டம் பால்புட்டிக்கும் பிள்ளைங்களுக்க பால்பொடிக்கும் விளம்பரம் பண்ணப்பிடாதுன்னு தடுத்து வச்சிருக்கு. இந்த ரெண்டையும் ஏன் தடுத்தாங்கன்னு பைய யோசிச்சி பாருங்க.

குலசேகரத்துல இருந்து ஒரு தாத்தா: பேத்திக்கி 7 மாசம். வாக்கர் வாங்கிக் குடுக்கணும்னு ஆச. மக வேண்டாங்கா. நாங்க எல்லாம் நடக்கலியா?

ஐயா, நீங்க நடந்தது நடைவண்டில, வாக்கர்ல இல்ல. மரத்துல மூணு உருளு வச்ச நடைவண்டி, எழுந்து நிக்கத் தெரிஞ்ச பிள்ள பின்னால நின்னு தள்ளிட்டு போவும், விட்டா வண்டியும் நிக்கும் பிள்ளையும் நிக்கும். வாக்கர் அப்பிடி இல்ல, நிக்கத் தெரியாத பிள்ளைய நடுவுல உக்கார வச்சி உருளு மாட்டி விடுது, பிள்ள நுனிக்கால்ல எத்தி எத்தி கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள அடுக்களையில இருந்து வாசல் நடைக்கி வந்துரும். நம்ம வீடுங்க எப்பிடி, வாசல்ல மூணு படி, பின்னால கிணத்தாங்கரைக்கி ரெண்டு படி, ரப்பர் தோட்டத்துக்குள்ள வீடுன்னா முத்தமே சரிவு. வாக்கரோட படியில உருண்டு நெத்தியில தையல் போட்ட பிள்ளைய நானே கையில புடிச்சிருக்கேன், அந்த தாத்தாவும் உங்கள மாதிரி ஆசைப்பட்டு வாங்குனவருதான், ஒரு ஓரமா நின்னு அழுதாரு. கனடாவுல 2004லயே இத விக்கப்பிடாதுன்னு தடை போட்டாச்சி. நடக்க இது உதவவும் செய்யாது, சில பிள்ளைக்கி நடை பிந்தும். ஆசைய வேற மாதிரி தீத்துக்கிடுங்க, தரையில ஒரு பாய விரிச்சி நீங்களும் எறங்கி உக்காருங்க, பேத்தி உங்க தோளப் புடிச்சி எழும்பட்டும். பேத்திக்கி பத்து மாசம் ஆன பொறவு ஆசாரிட்ட சொல்லி நடைவண்டி செய்யுங்க.

பாப்பா சாப்பாடு அரைக்க தனி மெஷின் வேணுமா? (நாகர்கோவில்)

மட்டிப்பழம் இருக்குத ஊர்ல இருந்துக்கிட்டு இத கேக்கியளே! 2023ல புவிசார் குறியீடு வேற வாங்கியாச்சி நம்ம மட்டி. ஆறு மாசம் முடிஞ்ச பொறவு ஒண்ணு உரிச்சி விரலால நசுக்குனா போரும், மெஷின கழுவுத நேரத்துல பிள்ள தின்னு முடிச்சிரும். ஏத்தங்காய் பொடி குறுக்குனா கெட்டியா இருக்கணும், கரண்டிய சரிச்சா ஒழுகப்பிடாது. மார்த்தாண்டம் தேன் நல்ல தேன்தான், அதுக்காக ஒரு வயசு ஆகாம நாக்குல தொட்டு வைக்காதீங்க, யாரு கொண்டு வந்தாலும்.

குளிப்பாட்ட டப், அதுல வலை, அதுக்கு ஸ்டாண்ட்?

பேரன எங்க மதினி கமுகம்பாளையில போட்டுதான் குளிப்பாட்டுனா. கால நீட்டி உக்காந்து பாளைய மடியில ஏத்தி, உருக்கெண்ண தேச்சி, இளஞ்சூட்டு வெள்ளம் கோரி விடும்போ அவன் கண்ண சொருகிட்டு கெடப்பான். டப் இப்பம் கோழிக்கி தண்ணி வைக்க.

ஸ்டிரோலர் (பிள்ளைய உக்கார வச்சி தள்ளுத வண்டி) கடைசி ஆச அக்கா, ப்ளீஸ்.

எங்க உருட்டப் போறிய? ரோட்டு ஓரம் ஓடை, உள்ள ஊடுவழி, மேல ஏத்தம். கல்யாண மண்டபத்துல ஒரு நாள் கொள்ளாம், அதுக்கு யார்ட்டயாவது கடன் வாங்குங்க. அந்த காச காருக்குள்ள மாட்டுத சைல்டு சீட்டுல போடுங்க, இது மட்டும் யாருமே கேக்கல பாத்தியளா. 2019 மோட்டார் வாகன சட்டத் திருத்தத்துல 14 வயசுக்கு உள்ள பிள்ளைய பெல்ட்டோ சீட்டோ இல்லாம கொண்டு போனா ₹1,000 அபராதம் உண்டு. முன் சீட்டுல மடியில பிள்ளைய வச்சிக்கிட்டு நாகர்கோவில் போறவங்கள டெய்லி பாக்கேன், வயிறு கலங்கும்.

எல்லாம் ஏற்கனவே வாங்கியாச்சு சிஸ்டர், இப்பம் என்ன செய்ய? (இரணியல்)

உடுப்ப துவைச்சி அடுத்து பேறு இருக்குத வீட்டுக்கு குடுங்க, ஸ்டிரோலர வித்துருங்க, வாக்கர யாருக்கும் குடுக்காதீங்க, உருள கழட்டிட்டு ஆக்கர்ல (பழைய சாமான் கடையில) போடுங்க. ஸ்டெரிலைசர எனக்கு அனுப்பட்டான்னு ரெண்டு பேரு கேட்டிருக்கிய, வேண்டாம் மக்களே, எங்க வீட்டுல ஏற்கனவே ஒண்ணு பெட்டி பிரிக்காம பரண்ல இருக்கு.