டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ் வந்தால் அது மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ்தானா?

இரண்டும் ஒன்றல்ல. ஆனால் முதலாவது, சில சமயம் இரண்டாவதின் முதல் அடையாளமாக வரும்.

டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ் என்பது தண்டுவடத்தில் ஏற்படும் அழற்சி. சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கால் மரத்துப்போகும், பலம் குறையும், சிறுநீர் கழிப்பது சிரமமாகும். வயிற்றைச் சுற்றி யாரோ பெல்ட்டை இறுக்கிக் கட்டியது போல இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) நீண்டகால நோய். உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்பு இழைகளின் மேலுறையான மயலினைத் தாக்குகிறது. மூளை, கண் நரம்பு, தண்டுவடம் என இடம் மாறி மாறி.

சுவரில் ஓர் ஈரக்கறை தெரிகிறது என்று வையுங்கள். ஒருமுறை மழைநீர் இறங்கியிருக்கலாம், அத்தோடு சரி. உள்ளே குழாயே பல இடங்களில் அரித்துக்கொண்டும் இருக்கலாம். கறையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் முதுகில் பிரச்சினை என்று போனவருக்கு மூளையையும் எம்ஆர்ஐ எடுக்கிறார்கள். அங்கேயும் எம்.எஸ்.ஸுக்கே உரிய தழும்புகள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். தண்டுவடத்தில் பாதிப்பு சின்னதாக, ஒரு பக்கமாக இருந்தாலும் அப்படித்தான். மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கோ அதற்கு மேலோ நீண்டிருந்தால், நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா (கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்) போன்ற வேறு நோய்களைத்தான் முதலில் தேடுவார்கள். அவற்றுக்கு மருந்தே வேறு. வைரஸ் தொற்றுக்குப் பின் டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ் ஒரே ஒரு முறை வந்து போவதும் உண்டு.

அப்புறம், 'டிரான்ஸ்வர்ஸ்' என்றால் குறுக்கே என்று பொருள். அதை வைத்துத் தண்டுவடமே குறுக்காக அறுந்துவிட்டது என்று சிலர் பயப்படுகிறார்கள். அறுபடுவதில்லை, அந்த மட்டத்தில் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.