சேமித்து வைத்த படங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மலேசியாவில், பந்திங் என்ற ஊரில் ஓர் அச்சகத்தில் டிசைனராக வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பேனர், நினைவஞ்சலி எல்லாம் செய்வேன். அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓவிய ஆசை. இரவில் பிஹான்ஸ், பின்டரெஸ்ட், இன்ஸ்டாகிராம் என்று பார்த்து, பிடித்ததையெல்லாம் சேமித்து வைக்கிறேன். ஆனால் வரைய உட்கார்ந்தால் சேமித்த படங்களில் ஒன்றைப் போலவே வந்து நிற்கிறது. "உன் ஊரை வரை" என்கிறார்கள். தோட்டம் என்றாலே காண்டா (பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் கம்பு) தூக்கிய பெண், பால்மரம் என்கிற ரப்பர் மரம், லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடு). அதைத்தான் எல்லாரும் வரைந்துவிட்டார்களே! நான் பால்மரம் வெட்டியதும் இல்லை. பாட்டியோடு அது முடிந்துபோனது. எங்கள் ஊரில் ஒரு கலைக்கூடம்கூட இல்லை. மற்றவர்கள் வேலையைப் பார்ப்பதை நிறுத்திவிடவா? கோலாலம்பூருக்குப் போய்விடவா? ஐபேட் வாங்கினால் உதவுமா?

ம., பந்திங்

அன்புள்ள ம.,

பார்ப்பதை நிறுத்தாதீர்கள். இன்று கலையிலும் வடிவமைப்பிலும் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் வரைகிறவர், யாரோ எப்போதோ செய்து முடித்ததைத் தன் கண்டுபிடிப்பு என்று நம்பிச் செய்துகொண்டிருப்பார். நீங்கள் மாற்ற வேண்டியது பார்க்கும் விதத்தை. ஒரு படத்தைச் சேமிக்கும்போது அதன் தோற்றம்தான் உங்களிடம் வந்து சேர்கிறது: நிறம், கோடு, எழுத்தை வைத்திருக்கும் இடம். அந்தக் கலைஞர் எதைக் கையில் எடுத்து அதை என்ன செய்தார் என்பது படத்தோடு கூட வருவதில்லை. அதை நீங்கள்தான் யோசித்து எடுக்க வேண்டும். சேமிக்கும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "இவர் இன்னதை எடுத்தார், இன்னது செய்தார்." எழுத வராத படத்தை அழித்துவிடலாம்.

பினாங்கு ஜார்ஜ்டவுன் சுவரோவியங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2012இல் அங்கு நடந்த கலைவிழாவுக்காக லிதுவேனியாவைச் சேர்ந்த எர்னெஸ்ட் ஸகாரெவிச் வரைந்தவை. ஆர்மீனியன் ஸ்திரீட் சுவரில் இரண்டு பிள்ளைகள் படம், அவர்கள் ஏறியிருப்பது நிஜ சைக்கிள். கேனன் ஸ்திரீட்டில் ஒரு பையன் நிஜ நாற்காலி மேல் நின்று, சுவரில் ஏற்கனவே இருந்த திறப்பை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறான். அந்தத் திறப்புதான் படத்தின் தொடக்கம். சுவர் தன்னிடம் என்ன வைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற ஆளை வரைந்திருக்கிறார். அதற்கப்புறம் நம் நாட்டில் எத்தனையோ ஊர்களில் சுவரோவியம் வந்தது, நிஜப் பொருளைச் சுவரில் பொருத்துவதும் வந்தது. அவற்றில் பலவற்றைப் பெயர்த்து வேறு ஊர்ச் சுவரில் வைத்தாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. தோற்றம் மட்டும் பயணம் செய்தால் இப்படித்தான் ஆகும். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. நல்ல சுவர்கள் வீணாகிவிட்டன.

இன்னொருவரைச் சொல்கிறேன். கிழக்கு மலேசியாவில் சபா மாநிலத்தைச் சேர்ந்த கலைஞர் யீ ஈலான். கடலோரத்திலும் உள்நாட்டிலும் பாய் முடையும் பெண்களோடு சேர்ந்து வேலை செய்கிறார். அவர்கள் முடைந்த ஒரு வரிசைப் பாய்களில் மேசைகளின் உருவம் இருக்கும். பாய் எல்லாரும் சேர்ந்து உட்காரும் இடம். மேசை, காலனி ஆட்சியோடு வந்த அலுவலகப் பொருள். அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர் எழுதுவார், இந்தப் பக்கம் இருப்பவர் நிற்பார். அந்த மேசையை, அதற்கு முன்னால் நின்றவர்களின் கையாலேயே, அவர்கள் பாய்க்குள் முடையச் செய்திருக்கிறார்.

இதைப் படிக்கும் தோட்டத்துக்காரர் யாருக்கும் கிராணி (தோட்டக் கணக்கர்) மேசை நினைவுக்கு வராமல் இருக்காது. பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு), செக்ரோல் (வேலை, சம்பளப் பதிவேடு), ஸ்டோரில் பால் நிறுக்கும் தராசு, சம்பள நாள். அதற்காகக் கோலத்தில் ஒரு மேசை போட்டுவிட்டால் அது ஈலானின் நகல்தான். அவர் செய்ததை ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள்: "மக்களை ஆண்ட ஒரு பொருளை, அந்த மக்களின் கைக்குக் கொடுத்தார்." இப்போது உங்கள் வீட்டை, உங்கள் தெருவை ஆளும் பொருள் எது? சிலருக்கு அது செக்ரோலாக இருக்கும். இந்த நாட்டிலேயே பிறந்து, கடைசிவரை குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசியோடு (அடையாள அட்டை) வாழ்ந்த தாத்தா பாட்டி உள்ள குடும்பத்துக்கு அந்த அட்டையாக இருக்கும். பதில் உங்களுடையதாக இருந்தால் ஈலானிடமிருந்து கற்றுக்கொண்டதற்கு யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

காண்டா தூக்கிய பெண்ணைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அந்தப் பெண்ணை மதிக்கிறேன், என் குடும்பமே அவளால் வாழ்ந்தது. ஆனால் பார்க்காமலேயே வரையப்பட்டு வரையப்பட்டு அவள் ஒரு முத்திரை ஆகிவிட்டாள். பால் வடியும் மங்கு (கிண்ணம்) எங்கே தொங்கும், வெட்டுக் கோடு எந்தப் பக்கம் சரியும் என்பதுகூடப் பல படங்களில் தப்பு. இன்று உங்கள் பக்கத்துச் செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பிள்ளைகள் ஃபேக்டரியிலும் தாமானிலும் (புதிய குடியிருப்புப் பகுதி) இருக்கிறார்கள். நீங்கள் இருப்பது அச்சகத்தில். அங்கிருந்தே தொடங்கலாமே.

ரெட்சா பியதாசா என்று ஒரு கலைஞர். குவாந்தானில் பிறந்தவர், 2007இல் மறைந்தார். மலேசியர் என்ற தலைப்பில் ஒரு வரிசை செய்தார். பழைய ஸ்டுடியோப் படங்களை எடுத்துப் பெரிதாக்கி, சில்க் ஸ்கிரீனில் அச்சடித்து, நிறமும் ஒட்டுவேலையும் சேர்த்தார். விறைப்பாக உட்கார்ந்து, கேமராவை நேராகப் பார்க்கும் குடும்பங்கள், மணமக்கள். அலமாரிக்குள் கிடந்த முகங்களை நாட்டின் முகமாகச் சுவரில் மாட்டினார்.

உங்கள் கடைக்கும் அதே படங்கள்தானே வருகின்றன? நினைவஞ்சலிக்கு என்று ஓரம் கிழிந்த, பூஞ்சை படிந்த ஒரு குடும்பப் படத்தைக் கொண்டுவருவார்கள். "அப்பா முகத்தை மட்டும் எடுத்துப் போடுங்கள்" என்பார்கள். நீங்கள் ஸ்கேன் செய்து, முகத்தைச் சுற்றி வெட்டி, பின்னால் நீல வானமும் மேகமும் வைப்பீர்கள். அந்த வெட்டில் என்னென்ன போகிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள். லயத்துப் பலகைச் சுவர் போகிறது. கதவில் ஒட்டியிருந்த காலண்டர் சாமி போகிறது. துவைத்துக் காயப்போட்ட சட்டை, பாதி தெரியும் மோட்டார் சைக்கிள், ஓரத்தில் யாரோ ஒரு பிள்ளையின் முழங்கை. பல படங்களில் அப்பாவின் தோளில் ஒரு கை இருக்கும். பக்கத்தில் நின்ற அம்மாவின் கை. பக்கத்துத் துணியை க்ளோன் செய்து (நகலெடுத்து ஒட்டி) நாலு விரலையும் சட்டைத் துணியாக மாற்றிவிடுவீர்கள். அதைச் சுத்தமாகச் செய்வதுதான் உங்கள் தொழில் திறமை.

நீங்கள் வரைய வேண்டியது அதைத்தான் என்று நினைக்கிறேன். வெட்டி எடுத்த பின்னணியை. முகம் இருந்த இடத்தை வெறுமையாக விட்டு, சுவரையும் கதவையும் அந்த விரல்களையும் மட்டும் வரையுங்கள். பியதாசா முகத்தை எடுத்தார், நீங்கள் முகம் போன பிறகு மிஞ்சியதை எடுக்கிறீர்கள். இந்த ஊரில் உங்களைத் தவிர வேறு யாரிடமும் இந்தச் சரக்கு இல்லை. ஒன்று மட்டும்: குடும்பத்தாரிடம் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். துக்கத்தோடு கடைக்கு வந்தவர்கள் நம்பிக் கொடுத்த படம் அது. பத்திரிகை வேலை முடிந்து, கருமக்கிரியையும் ஆன பிறகு மெதுவாகக் கேட்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கலைக்கூடம் இல்லை என்கிறீர்கள். பாலத்தைத் தாண்டினால் கேரித் தீவு. அங்கே மா மெரி என்ற ஒராங் அஸ்லி (பூர்வகுடி) மக்கள் தங்கள் மூதாதை ஆவிகளை மரத்தில் செதுக்குகிறார்கள். சங்கிலியால் கட்டப்பட்ட புலி ஒன்று உண்டு. அந்தச் சங்கிலி ஒரே கட்டையில் செதுக்கியது. ஒட்டே கிடையாது, ஆனாலும் வளையங்கள் அசையும். எந்த இடத்தில் மரத்தை விடுவது, எந்த இடத்தில் எடுப்பது என்று முதல் உளி விழும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், வாங்குவதற்கு அவசரப்படாமல், அந்த வளையங்களைப் பாருங்கள்.

கோலாலம்பூருக்குக் குடிபோக வேண்டாம், போய் வாருங்கள். தேசிய கலைக்கூடம் 1958இல் தொடங்கியது. பியதாசாவின் வேலைகள் அதன் சேகரிப்பில் உண்டு. எது சுவரில் இருக்கும் என்பது அப்போதைய கண்காட்சியைப் பொறுத்தது. எல்லா அறையையும் சுற்றி ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு வராதீர்கள். ஒரே ஒரு வேலை முன்னால் கால் வலிக்கும் வரை நின்று, அந்த ஒரு வாக்கியத்தை எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஐபேட் இப்போதைக்கு வேண்டாம். கணினியில் வரைந்தால் கை பழக்கத்தில் மறுபடி க்ளோன் கருவிக்குத்தான் போகும். கடையில் பத்திரிகை வெட்டி மிஞ்சும் ஆர்ட் கார்ட் துண்டுகள் குப்பைக்குப் போகின்றன அல்லவா, முதலாளியிடம் கேட்டு அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலும் கறுப்பு மையும் போதும். கொஞ்சம் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், சம்மதம் கிடைத்த படங்களை மட்டும்.

அன்புடன்.