செட் அப்புறம், ஸ்டிக் முதலில்: டிரம்ஸ் கேள்வி – பதில்

வயது 34. வேலை முடிந்து ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புகிறேன். வகுப்புக்குப் போக நேரமில்லை. நானே டிரம்ஸ் கற்கலாம் என்றிருக்கிறேன். முதலில் எந்த செட் வாங்கலாம்?
– தாம்பரம் வாசகர்

இப்போதைக்கு எந்த செட்டும் வேண்டாம். ஒரு ஜோடி ஸ்டிக், ஒரு பிராக்டிஸ் பேட், போனில் சீராகக் கிளிக் எழுப்பும் ஒரு மெட்ரோனோம் ஆப். முதல் மூன்று மாதத்துக்கு இவை போதும். செட்டை முதலில் வாங்குகிறவர்கள் முதல் வாரம் எல்லாவற்றையும் அடித்துப் பார்க்கிறார்கள். அப்புறம் அதன் மேல் துணி காய்கிறது.

ஸ்டிக்கில் ‘5ஏ’ என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். ஏறக்குறைய 16 அங்குல நீளம், 14 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமன். பெரியவர்கள் கைக்கு நடுத்தரமானது. ‘7ஏ’ இதைவிட மெல்லியது, ‘2பி’ நன்றாகத் தடித்தது. மரம் ஹிக்கரியாக இருந்தால் நல்லது, அடி தாங்கும். கடையில் கண்ணாடி மேசை மேல் இரண்டையும் உருட்டிப் பாருங்கள். தள்ளாடி உருளுவது வளைந்த குச்சி. பிறகு இரண்டையும் ஒரே இடத்தில் தட்டிக் கேளுங்கள். ஒன்று கீச்சென்றும் மற்றது மந்தமாகவும் ஒலித்தால் எடையில் வித்தியாசம் இருக்கிறது. வேறு ஜோடி கேளுங்கள்.

பேடில் ரப்பர் மேல்பரப்பு வேண்டும். அதை உங்கள் முழங்கைக்குச் சற்றுக் கீழான உயரத்தில் வையுங்கள். சாப்பாட்டு மேசை மேல் வைத்தால் தோள் தூக்கிக்கொள்ளும். தலையணையில் அடித்துப் பழகச் சொல்பவர்கள் உண்டு. தலையணை ஸ்டிக்கைத் திருப்பி அனுப்பாது. ஒவ்வோர் அடிக்கும் நீங்களே தூக்க வேண்டும். எதிர்த்தெழும்பலைக் கையாளத் தெரிந்தவருக்கு அது மணிக்கட்டுப் பயிற்சி. தெரியாதவருக்கு அது தப்பான பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுக்கும்.

பேடில் பதினைந்து நிமிடம் அடித்தாலே முன்கை இறுகி வலிக்கிறது. ஆள்காட்டி விரலின் அடியில் கொப்புளம் வேறு. பழகப் பழகச் சரியாகிவிடுமா?
– வேலூர் வாசகர்

ஆகாது. இப்படியே பழகினால் வலிதான் பழகும். நீங்கள் ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்து, அடியைக் கீழே ‘அமுக்குகிறீர்கள்’. அடி விழுந்த பிறகும் கை தளராததால் ஸ்டிக் எழும்ப முடியாமல் உள்ளங்கையில் உரசுகிறது. கொப்புளம் வருவது அதனால்தான்.

முதலில் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். ஸ்டிக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் முதல் மூட்டுக்கும் நடுவில் மட்டும் வைத்து, நுனியைப் பேட் மேல் விழவிடுங்கள். எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ணுங்கள். பிடியை ஒரு விரல் அகலம் முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி பாருங்கள். அதிகம் துள்ளும் இடமே உங்கள் பிடி. பெரும்பாலும் அது தடித்த முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும். மற்ற மூன்று விரல்களும் ஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், பிடிக்க வேண்டாம்.

அடிக்கும்போது பந்தைத் தரையில் தட்டுவது போல, எறிந்துவிட்டு அது தானாக மேலே வர இடம் கொடுங்கள். இதற்கு ஒரு சோதனை உண்டு. நுனியை ஓர் அடி உயரத்தில் நிறுத்தி ஒரே ஒரு அடி அடியுங்கள். ஸ்டிக் தானாகவே கிட்டத்தட்ட அதே உயரத்துக்குத் திரும்பினால் பிடி சரி. பாதியில் நின்றால் எங்கோ இறுக்குகிறீர்கள். பெரும்பாலும் சுண்டுவிரலும் மோதிர விரலும்தான் குற்றவாளிகள். ஆள்காட்டி விரலை ஸ்டிக் மேல் நீட்டி வைப்பதும் சிலருடைய வழக்கம், அதையும் விடுங்கள்.

வலி வந்தால் கையை உதறிவிட்டு வேகத்தைப் பாதியாக்குங்கள். விரல்கள் மரத்துப்போவதோ சுரீரென்பதோ இருந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

பேடில் என்னதான் அடிப்பது? நாற்பது ரூடிமென்ட் இருக்கிறதாமே?
– சேலம் வாசகர்

இருக்கிறது. ரூடிமென்ட் என்றால் அடிப்படை அடிவரிசை. பெர்கசிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி என்ற தாளவாத்தியக் கலைஞர் அமைப்பு 1984-இல் தொகுத்த பட்டியல் அது. நாற்பதையும் இப்போது தொடாதீர்கள். நான்கு போதும். ஒற்றை அடி: வலது, இடது, மாறி மாறி. இரட்டை அடி: வ வ, இ இ. பேரடிடில்: வ இ வ வ, இ வ இ இ. ஃப்ளாம்: ஒரு கையின் சிற்றடி மயிரிழை முந்த, மறு கையின் பேரடி.

தினமும் அரை மணி நேரம் போதும், ஞாயிறன்று மட்டும் நான்கு மணி நேரம் என்பது உதவாது. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 கிளிக்கில் வைத்து, ஒரு கிளிக்குக்கு இரண்டு அடி. இடது கையை முதலில் தனியாகப் பழக்குங்கள். இரட்டை அடியில் இரண்டாவது எப்போதும் மெலிந்து விழும். இரண்டும் ஒரே சத்தத்தில் கேட்கும்வரை வேகத்தை ஏற்ற வேண்டாம்.

எங்கள் சர்ச்சில் டிரம் செட் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு மணி நேரம் அடித்துப் பழக விடுகிறார்கள். கை தனியாக வருகிறது, கால் தனியாக வருகிறது. சேர்த்தால் எல்லாம் குழம்புகிறது.
– நாகர்கோவில் வாசகர்

உட்காரும் உயரத்தைச் சரிபாருங்கள். சர்ச் செட்டை ஐந்தாறு பேர் மாற்றி மாற்றி வாசிப்பார்கள், ஸ்டூல் யாருக்கோ வைத்தது வைத்தபடி இருக்கும். இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே, தொடை லேசாக முன்னோக்கிச் சரிந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், கைப்பிடி முழங்கையில் இடிக்கும். முதுகைச் சாய்க்கவும் தூண்டும். கால்களுக்கு நடுவில் நிற்கும் ஸ்நேர் டிரம்மின் விளிம்பு தொடைக்கு மூன்று நான்கு விரல்கடை மேலே.

இனி கை கால். எண்ணுவதற்கு நமக்குக் கைவசம் சொற்கட்டு இருக்கிறது: த க தி மி, த க ஜு னு. எட்டு அட்சரம். வலது கை, இடப்பக்கம் இருக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹாட்டில் எட்டையும் அடிக்கட்டும். காலால் அடிக்கும் பேஸ் டிரம் இரண்டு ‘த’விலும். ஸ்நேர் ‘தி’யிலும் ‘ஜு’விலும். நீங்கள் கேட்கும் பாட்டுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே தாளத்தில் ஓட்டிவிடலாம்.

இதை ஒரேயடியாகச் சேர்க்கப் போவதால்தான் குழப்பம். வாயால் சொல்லிக்கொண்டே முதலில் ஹை-ஹாட் மட்டும், இரண்டு நிமிடம். அடுத்து ஹை-ஹாட்டோடு ஸ்நேர். இங்கே நின்று கேளுங்கள்: ‘தி’யில் இரு கையும் ஒரே ஓசையாக விழுகிறதா, ‘டப்-டக்’ என்று பிரிந்து விழுகிறதா? பிரிந்தால் இடது ஸ்டிக்கை உயரத்திலிருந்து கொண்டுவருகிறீர்கள், அது தாமதமாக வந்து சேர்கிறது. பிறகு ஸ்நேரை விட்டுவிட்டு ஹை-ஹாட்டும் பேஸும். மூன்றையும் சேர்ப்பது கடைசியில்தான். அப்போதும் முழுச் சுற்று வேண்டாம்: ‘தகதி’ வரை அடித்து நிறுத்துங்கள். அது பத்து முறை பிசகாமல் வந்தால் ‘மி’யைச் சேருங்கள். இப்படி ஒவ்வோர் அட்சரமாக நீட்டுங்கள். கேட்க அலுப்பாக இருக்கும். ஆனால் குழப்பம் எந்த அட்சரத்தில் என்று இப்படித்தான் தெரியும்.

அது படிந்த பிறகு, இரண்டாவது ‘க’விலும் ஒரு பேஸ் அடி கூட்டுங்கள். வலது கை அந்த இடத்தில் ஓங்கி விழும், அல்லது ஓர் அடியை விழுங்கிவிடும். எல்லாருக்கும் நடப்பதுதான். கை அடிக்கும் எட்டும் ஒரே சத்தத்தில் இருக்கிறதா என்பதில் மட்டும் கவனம் வையுங்கள்.

இன்னொன்று. மேல்நாட்டுப் பாடமெல்லாம் நாலு நாலாகவே தொடங்கும். நம் சினிமாப் பாட்டிலும் குத்திலும் ‘தகிட தகிட’ நடை ஏராளம். ஹை-ஹாட் ஆறிலும், பேஸ் முதல் ‘த’, ஸ்நேர் இரண்டாவது ‘த’. இதையும் முதல் மாதமே தொடங்குங்கள், பின்னால் போட வேண்டாம். வார நாளில் செட் இல்லாதபோது நாற்காலியில் உட்கார்ந்து, தொடையில் கை, தரையில் கால் என்று இரண்டையுமே பழகலாம்.

மெட்ரோனோம் ஓடும்போது சரியாக வருகிறது. நிறுத்திவிட்டு ஃபில் அடித்தால் வேகம் ஏறிவிடுகிறது என்கிறார்கள் நண்பர்கள். எனக்குத் தெரியவில்லை.
– ஈரோடு வாசகர்

அடிக்கும்போது தெரியாது. போனை அறை மூலையில் வைத்துப் பதிவுசெய்து, மறுநாள் கேளுங்கள். தானாகக் கற்பவருக்கு ஆசிரியரின் காதுக்குப் பதில் இதுதான். வாரம் ஒரு முறையாவது இதைச் செய்யாதவர் வேறு எதைச் செய்தும் அதிகப் பயனில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஃபில் என்பது தாளத்தை விட்டு டிரம்களில் உருட்டி அடிக்கும் சிறு நிரப்பு. அதில் வேகம் ஏறக் காரணம் இரண்டு. ஒன்று, கை ஹை-ஹாட்டை விட்டதும் எண்ணிக்கையும் நின்றுவிடுகிறது. இரண்டு, ‘எப்படியாவது க்ராஷுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்’ என்ற பதற்றம். ஓங்கி அடிக்கும் பெரிய உலோகத் தட்டுதான் க்ராஷ். மூன்று சுற்று தாளம், நான்காவது சுற்றில் ஃபில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்நேரில் நாலு, பேஸ் டிரம்முக்கு மேலே உள்ள சின்ன டாமில் நாலு, அடுத்த டாமில் நாலு, தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமில் நாலு. தாளத்தில் ஒரு கிளிக்குக்கு இரண்டு அட்சரம், ஃபில்லில் ஒரு கிளிக்குக்கு ஒரு தகதிமி. வாய் நிற்கக் கூடாது. அடுத்த சுற்றின் முதல் அடியில் க்ராஷும் பேஸ் டிரம்மும் சேர்ந்து விழ வேண்டும். பேஸ் இல்லாத க்ராஷ் வெறும் தகரச் சத்தம்.

இது வந்ததும் மெட்ரோனோமின் வேகத்தைப் பாதியாக்கி, உங்கள் வேகத்தை மாற்றாமல் வாசியுங்கள். 80-இல் வாசிப்பவர் கிளிக்கை 40-இல் வைத்து, ஸ்நேர் விழும் இடங்களில் மட்டும் அது கேட்கும்படி பாவித்துக்கொள்ளலாம். நடுவில் உள்ள இடைவெளியை நீங்களே பொறுப்பேற்று நிரப்ப வேண்டியிருக்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கி, ஹெட்ஃபோன் போட்டுத்தான் வாசிக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் ‘தொம் தொம்’ என்று கேட்கிறது என்கிறார்.
– கோவை வாசகர்

அவர் சொல்வது நிஜம். ஹெட்ஃபோன் ஸ்பீக்கர் சத்தத்தை அடக்கும்; பெடல் தரையில் மோதுவதை அடக்காது. அந்த அதிர்வு கான்கிரீட் வழியாக நேரே இறங்குகிறது. கம்பளமோ யோகா பாயோ போட்டால் சிறிது குறையும், அவ்வளவே.

பலரும் வெற்றிகரமாகச் செய்வது டென்னிஸ் பந்து மேடை. 18 மி.மீ. ப்ளைவுட் பலகை இரண்டு, செட்டும் ஸ்டூலும் முழுதாக அடங்கும் அளவில். கீழ்ப்பலகையில் ஏறத்தாழ ஓர் அடிக்கு ஒன்றாக 5 செ.மீ. வட்டத் துளைகள் போட்டு, பந்துகளை அவற்றில் உட்கார வைத்து, மேலே அடுத்த பலகை. பெடல்களுக்கும் ஸ்டூலுக்கும் அடியில் துளைகளை நெருக்கமாகப் போடுங்கள். மேல்பலகை எங்கும் சுவரைத் தொடக் கூடாது. தொட்டால் செய்த வேலை வீண். ரப்பர் பேட் செட் என்றால் வலைத்துணி போர்த்திய மெஷ் பேடுக்கு மாறுவதும் உதவும். இரவு ஒன்பதுக்கு மேல் கால் வேண்டாம். கை மட்டும் பழகுங்கள்.

ப்ளூடூத் ஹெட்ஃபோன் வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு ஒலி தாமதமாக வரும். உங்கள் தாளம்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வீர்கள். கம்பி ஹெட்ஃபோனே சரி.

மெல்லிசைக் குழு ஒன்று பழைய செட்டை விற்கிறது. என்ன பார்த்து வாங்குவது? டியூனிங்கும் சொல்லுங்கள்.
– திருச்சி வாசகர்

மேலே ஒட்டிய மினுமினுப்புத் தாளைப் பார்க்காதீர்கள். அடி வாங்கும் தோலான ஹெட்டைக் கழற்றச் சொல்லி, மரக் கூட்டின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். பள்ளமோ சிராய்ப்போ தட்டுப்பட்டால் அந்த டிரம் சுருதியில் நிற்காது. ஒவ்வொரு திருகும் கையாலேயே சுழல வேண்டும். மரை தேய்ந்தது வழுக்கும். உலோகத் தட்டான சிம்பலின் ஓரத்திலும் நடுத் துளையைச் சுற்றியும் விரிசல் பாருங்கள். விரிசல் வளர்ந்துகொண்டேதான் போகும். ஹெட் கிழிந்திருந்தால் கவலையில்லை, அது எப்படியும் மாற்ற வேண்டிய பொருள். அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

டியூனிங்: புது ஹெட்டைப் பொருத்தி எல்லாத் திருகையும் விரலால் முடிந்தவரை இறுக்குங்கள். பிறகு சாவியால், ஒன்றை அரைச்சுற்று, அடுத்து அதற்கு நேர் எதிரே உள்ளதை. வரிசையாகச் சுற்றிவந்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். சுருக்கம் மறைந்ததும் கால்சுற்றாக ஏற்றுங்கள். ஒவ்வொரு திருகின் அருகிலும், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தட்டி, எல்லா இடமும் ஒரே சுருதியா என்று கேளுங்கள். அடிப்பக்க ஹெட்டையும் இப்படியே செய்ய வேண்டும். பலர் அதைத் தொடுவதே இல்லை. ஸ்நேர் அடிப்பக்கம் நன்றாக இறுக்கமாக இருக்கட்டும், அதன் கீழே ஓடும் கம்பிகளை மட்டும் அளவாக. கம்பியை அளவுக்கு மீறி இறுக்கினால் மெல்லிய அடிக்கு ஓசையே வராது. டாம் அடிக்கும்போது ஸ்நேர் சலசலப்பது சகஜம். டாமின் சுருதியைச் சற்று மாற்றினால் குறையும். முற்றிலும் போக்க முயன்று நாளைக் கழிக்காதீர்கள்.

ஆறு வருடம் மிருதங்கம் கற்றிருக்கிறேன். டிரம்ஸுக்கு அது உதவுமா, இடைஞ்சலா?
– கும்பகோணம் வாசகர்

கணக்கு மொத்தமும் உங்கள் கையில் இருக்கிறது, மற்றவர்கள் மூன்று வருடம் திணறும் இடம் அது. இடைஞ்சல் விரல்களில் வரும். மிருதங்கத்தில் ஓசை விரலின் இடத்திலும் அழுத்தத்திலும் பிறக்கிறது. அந்தப் பழக்கத்தில் ஸ்டிக்கையும் விரலால் ஆட்ட முயல்வீர்கள். முதலில் மணிக்கட்டு மட்டும். காலைப் பொறுத்தவரை நீங்களும் புதியவர்தான். ஒரு கோர்வையை எடுத்து, வலது கைச் சொற்களை ஸ்நேருக்கும் தொப்பி எனப்படும் இடப்பக்கச் சொற்களைப் பேஸ் பெடலுக்கும் பங்கிட்டுப் பாருங்கள், மெதுவாக.

இடது கைக்காரன். செட்டைத் திருப்பி வைக்க வேண்டுமா?
– கடலூர் வாசகர்

சொந்த செட் என்றால் தாராளமாக. பிறர் செட்டில் வாசிக்க வேண்டியிருக்கும் என்றால் திருப்பாமல், ஹை-ஹாட்டை இடது கையாலும் ஸ்நேரை வலது கையாலும் அடியுங்கள். கைகள் குறுக்கிடாது.

ஆசிரியர் இல்லாமல் கிரேடு தேர்வு எழுதலாமா? இசைக்குறிப்பு படிக்கத் தெரிய வேண்டுமா?
– மதுரை வாசகர்

எழுதலாம். டிரினிட்டி காலேஜ் லண்டன் டிரம் கிட் தேர்வில் ஆரம்ப நிலையும் அதற்கு மேல் எட்டு கிரேடும் உண்டு. பாடத்திட்டத்தைத் தரவிறக்கி, கேட்கும் ரூடிமென்ட்டுகளை முதலில் முடியுங்கள். குறிப்பு படிக்கத் தெரிய வேண்டும், ஆனால் டிரம் குறிப்பு எளிது: எந்த வரி எந்த வாத்தியம் என்பதும், கால அளவும்தான். தேர்வுக்கு முந்தைய மாதமாவது ஓர் ஆசிரியரிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள்.

சிறிய அறையில் நிஜ செட் வாசிக்கிறேன். முடித்ததும் காதில் ‘கொய்ங்’ என்கிறது. பஞ்சு வைத்தால் போதுமா?
– தூத்துக்குடி வாசகர்

போதாது. பஞ்சு ஏறக்குறைய எதையும் தடுக்காது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மூடிய அறையில் ஸ்நேரும் சிம்பலும் அந்த அளவை எளிதில் தாண்டும். இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் வாங்குங்கள்; அது ஒலியை மொத்தமாக மந்தமாக்காமல் சீராகக் குறைக்கும். கிடைக்கும்வரை நுரை அடைப்பான் ஆகும்: உருட்டிச் சுருக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து உள்ளே விட்டு, விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். ‘கொய்ங்’ மறுநாளும் நீடித்தால் காது மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை பேட் மட்டும்.