சீனி வருத்தம் இருக்கிறது, பார்வை தெளிவாகத்தான் இருக்கிறது. கண் கிளினிக்குக்குப் போகத்தான் வேணுமா?

போகத்தான் வேணும். புதுக்குடியிருப்பில் இருக்கும் அம்மாவுக்கு எட்டு வருடமாகச் சீனி, ஆனால் பேப்பர் வாசிக்கிறா, ஊசியில் நூல் கோர்க்கிறா, பிறகேன் ஒரு நாளை மினக்கெடுத்த வேணும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஊசி நூலை நம்பாதீர்கள். கண்ணின் உள்ளே பின்பக்கத்தில் இருக்கும் விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்கள் சீனியால் பழுதாகத் தொடங்கும்போது நோவும் இல்லை, மங்கலும் இல்லை. அந்தக் குழாய்கள் கசிந்து விழித்திரையின் நடுப்பகுதி வீங்கினால், அல்லது கண்ணுக்குள் இரத்தம் கசிந்து கறுப்புப் பொட்டுகள் மிதந்தால்தான் ஆளுக்கே தெரியவரும்.

விசுவமடுவில் என் பெரியம்மா செருப்பில்லாமல் வளவுக்குள்ளும் இறங்கமாட்டா. காலில் புண் வந்தால் என்னாகும் என்று வன்னியில் சீனி உள்ள எல்லாருக்கும் தெரியும். கண்ணைப் பற்றி அந்தப் பயம் இல்லை. மங்கினபோது "வயசுதானே, பூ விழுதாக்கும்" என்றா. இலவச முகாமொன்றில் எழுத்து வாசிக்க வைத்துக் கண்ணாடியும் கொடுத்தார்கள். கண் பார்த்தாயிற்று என்று வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் எழுத்து வாசிப்பது கண்ணாடியின் பவருக்கு. விழித்திரையைச் சரியாகப் பார்க்க, துளிமருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்ப்பதுதான் நல்லது. பிறகு ஆஸ்பத்திரியில் அப்படிப் பார்த்துத்தான் லேசர் அடித்தார்கள். மிச்சமிருந்த பார்வை தப்பியது, போனது திரும்பவில்லை. இதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சீனி என்றால், வருத்தம் கண்டுபிடித்த உடனே ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேணும், பிறகு வருடத்துக்கு ஒருமுறை. பெரும்பாலும் சின்ன வயதில் வரும் முதலாம் வகை உள்ளவர்களுக்கு, வருத்தம் தொடங்கி ஐந்து வருடத்துக்குள் இந்தச் சோதனையைத் தொடங்க வேணும். சீனியோடு கர்ப்பமான பெண்கள் முதல் மூன்று மாதத்துக்குள் காட்ட வேணும். அம்மாவுக்குப் பிரஷரும் இருந்தால் அந்தக் குளிசையை விடவிடாதீர்கள். பிரஷரை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு மோசமாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென்று 1998இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு காட்டியது.

துளி விட்டால் சில மணித்தியாலம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். அம்மாவைத் தனிய பஸ்ஸில் விடாமல் ஒருவர் கூடப் போங்கள். துளி விட்டவர் மோட்டார் சைக்கிள் ஓடக்கூடாது. அடுத்த மாதக் கிளினிக்குக்குக் கொப்பியோடு போகும்போது, "விழித்திரை பார்க்க வேணும், கண் கிளினிக்குக்குத் துண்டு தாங்கோ" என்று டொக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள்.