களத்து வெயிலும் கீழுதடும்: எந்த லிப் பாம் வாங்கலாம்?

கேள்வி: என் அப்பா ஏற்காட்டில் காப்பித் தோட்டக் களத்தில் பல வருடங்களாகக் கொட்டை உலர்த்துகிறார். மாதக்கணக்கில் அவருடைய கீழுதடு வறண்டு, வெள்ளையாகச் செதில் உரிகிறது. சேலத்துக் கடையொன்றில் ‘ஒரே வாரத்தில் உதடு சரியாகும்’ என்று 380 ரூபாய்க்கு ஒரு கிரீம் தந்தார்கள். பயனில்லை, திருப்பி எடுக்கவும் மறுக்கிறார்கள். வேறு எந்த லிப் பாம் வாங்கலாம்?
— வாசகி, ஏற்காடு

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் அப்பாவைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம்.

மலைக் குளிர் ஏமாற்றும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. ஏற்காடோ சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிழலில்லாத களத்தில் அந்த வெயிலை நேராக வாங்குவது கீழுதடுதான். வருடக்கணக்கில் இப்படி வெந்த உதட்டின் பாதிப்பை ‘ஆக்டினிக் சைலைட்டிஸ்’ என்பார்கள். தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். உதடும் தோலும் சேரும் கோடு மங்கிவிடும். இது புற்றுநோய் அல்ல, ஆனால் சிலருக்கு அப்படி மாறக்கூடும். பீடியோ புகையிலையோ பழக்கமிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், கட்டி, ரத்தக்கசிவு இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். சந்தேகமிருந்தால் மருத்துவர் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார். அதைப் பொறுத்து, பாதித்த இடத்தைக் கடுங்குளிரால் உறைய வைத்தல், லேசர், மருந்து கிரீம், அறுவை சிகிச்சை என வழிகள் உண்டு. அந்த மருந்து கிரீம்களைக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கவே கூடாது.

லிப் பாம் இனி வரும் வெயிலைத் தடுக்குமே தவிர, வந்த பாதிப்பை ஆற்றாது. வாங்கும்போது எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா, காலாவதித் தேதி, உற்பத்தி உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். புதினா வாசனையும் குளிர்ச்சியும் தருபவை வெடித்த உதட்டை எரிச்சலூட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், டீ குடித்த பிறகும் மறுபடி பூச வேண்டும். வாசனையும் பளபளப்பும் வெறும் விலையேற்றம். அகல விளிம்புத் தொப்பியும் அவசியம். துண்டைத் தலையில் கட்டினால் உதட்டுக்கு நிழல் விழாது.

கிரீம் விஷயம்: ரசீதையும் டியூபையும் பத்திரமாக வைத்திருங்கள். பொய்யான வாக்குறுதி தந்து விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அட்டை அதற்குக் கவசமாகாது. கடைக்காரர் இறங்கி வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள்.