சோலார் கேள்வி-பதில்: முதலில் ஈ.பி. அட்டையைப் பாருங்கள், அப்புறம் மாடியைப் பாருங்கள்

கே: எங்கள் வீட்டுக்கு 1,800 ரூபாய் கரண்ட் பில் வருகிறது. எத்தனை கிலோவாட் சோலார் போடலாம்? (காட்பாடி வாசகர்)

ப: ரூபாயை மட்டும் எழுதினால் நான் எதை வைத்துக் கணக்குப் போடுவது? யூனிட்டை எழுதுங்கள், அது ஒரு மாதத்துக்கா இரண்டு மாதத்துக்கா என்றும் எழுதுங்கள். எத்தனை முறை சொன்னாலும் இதே மாதிரிதான் கடிதம் வருகிறது.

இரண்டு மாத பில் என்று வைத்துக்கொள்கிறேன். இப்போதைய கட்டணப்படி அது ஏறக்குறைய 500 யூனிட். நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு 4 யூனிட் தரும்; இரண்டு மாதத்துக்கு 240. உங்கள் 500 யூனிட் 260 ஆகிவிடும், பில் 500 ரூபாய்ச் சொச்சத்துக்கு இறங்கும். அதாவது மிச்சம் 1,300. இன்னொரு கிலோவாட் சேர்த்தால் மீதி 500 ரூபாயும் போகும், அவ்வளவுதான். யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும், அந்தப் படிதான் ஸ்லாப். முதல் கிலோவாட் கழிப்பது மேல் ஸ்லாபில் இருக்கும் விலை கூடிய யூனிட்டை. இரண்டாவது கழிப்பது கீழே இருக்கும் மலிவு யூனிட்டை, அதிலும் முதல் 100 அரசாங்கம் ஏற்கெனவே இலவசமாகக் கொடுப்பது. மானியம் போக ஒரு கிலோவாட் 40,000 ரூபாய் அளவில் முடியும். ஐந்தாறு வருஷத்தில் போட்ட முதல் திரும்பும். உங்களுக்கு ஒன்று போதும்.

கே: வீட்டில் கைத்தறி இரண்டு இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஆகிறது. சோலார் போட்டால் நல்லதா? (ஆரணி வாசகர்)

ப: வேண்டாம். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். அது உங்கள் இணைப்புக்குப் பதிவாகியிருக்கிறதா என்று ஈ.பி. ஆபீஸில் போய்ப் பாருங்கள்.

கே: சோலார் போட்டும் கரண்ட் போனால் வீடு இருட்டாகிறது. வெயில் கொளுத்தும்போதுகூட ஃபேன் ஓடவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (பேரணாம்பட்டு வாசகி)

ப: இல்லையம்மா. நீங்கள் போட்டிருப்பது ஆன்-கிரிட், அதாவது பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடும் சோலார். ஈ.பி. லைனில் கரண்ட் இல்லையென்றால், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது உங்கள் மாடிக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. விற்றவர் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது தப்பு. கரண்ட் போகும் நேரத்துக்கு லைட்டும் ஃபேனும் ஓட, சாதாரண பேட்டரி யு.பி.எஸ். ஒன்றைத் தனியாக வையுங்கள். அதற்காக சோலார் முழுவதையும் பேட்டரிக்கு மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றும் செலவிலேயே மிச்சம் எல்லாம் கரைந்துவிடும்.

கே: ஒரு கம்பெனிக்காரர் வீட்டுக்கே வந்து கொட்டேஷன் கொடுத்தார். அதன் நகலையும் ஈ.பி. அட்டை நகலையும் அனுப்பியிருக்கிறேன். நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான் இருக்கிறோம். பில் ஜீரோ ஆகும் என்கிறார். போடலாமா? (ராணிப்பேட்டை வாசகி)

ப: அட்டையையும் சேர்த்து அனுப்பியதற்கு நன்றி. எல்லோரும் இப்படி அனுப்பினால் பாதிக் கேள்வி தானே தீர்ந்துவிடும்.

கொட்டேஷனில் இருப்பது: 3 கிலோவாட், விலை 2,10,000, மானியம் 78,000, உங்கள் கையிலிருந்து 1,32,000. கீழே கொட்டை எழுத்தில் ‘மாதம் 3,000 ரூபாய் சேமிப்பு’. அட்டையில் இருப்பது: 280, 310, 260. மூன்றும் இரண்டு மாத ரீடிங். 300 யூனிட்டுக்கு நீங்கள் கட்டுவதே 700 ரூபாய்தான். வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 4,000 தாண்டாது. இரண்டு மாதத்துக்கு 700 கட்டும் வீட்டில் மாதம் 3,000 எங்கிருந்து மிச்சமாகும்? போட்ட பணம் திரும்ப முப்பது வருஷத்துக்கு மேல் ஆகும். பேனலுக்குக் கொடுக்கும் வாரண்டியே 25 வருஷம். இன்வெர்ட்டரை அதற்குள் ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும்.

எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆற்காடு, வாலாஜா, குடியாத்தம் என்று எந்தப் பக்கமிருந்து கடிதம் வந்தாலும் இதே 3 கிலோவாட்தான். வீட்டில் எத்தனை பேர், எத்தனை யூனிட் என்று ஒருவரும் கேட்பதில்லை. காரணம் எளிது. வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்யகர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 மானியம். அதற்கு மேல் கிடையாது. மானியம் எங்கே உச்சத்தைத் தொடுகிறதோ அங்கே விற்பனை நிற்கிறது. உங்கள் தேவையை யார் பார்த்தார்கள்? திட்டம் நல்ல திட்டம்தான். அதை வைத்து ஓய்வூதியக் காசில் கை வைப்பதுதான் பொறுக்கவில்லை. ‘மிச்சக் கரண்டை ஈ.பி. எடுத்துக்கொண்டு காசு தரும்’ என்றும் சொல்லியிருப்பார். அந்த உபரியை நம்பி முதல் போடாதீர்கள், கைக்கு வருவது சொற்பம்.

உங்கள் வீட்டுக்கு ஒரு கிலோவாட்டே பில்லை ஜீரோ ஆக்கிவிடும். அதற்கும் முதல் திரும்பப் பத்து வருஷம் ஆகும். அதைவிட இதைச் செய்யுங்கள். பழைய ஃபேன் மூன்றைக் கழற்றிவிட்டு பி.எல்.டி.சி. ஃபேன் போடுங்கள். 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட் இழுக்கும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் நூறு யூனிட் வரை குறையும், பில் 200 ரூபாய் பக்கம் வந்துவிடும். செலவு ஒன்பதாயிரம், பத்தாயிரம். கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கே: கத்திரி வெயிலில் உற்பத்தி கூடும் என்று பார்த்தால் மார்ச்சைவிட மே மாதத்தில் குறைவாகக் காட்டுகிறது. பேனல் பழுதா? (சத்துவாச்சாரி வாசகர்)

ப: பழுது இல்லை. பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. அதன் மேல் எழுதியிருக்கும் வாட் 25 டிகிரியில் சோதித்தது. நம் ஊர் மே மாத மத்தியானத்தில் பேனல் 65 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் கால் சதவீதத்துக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும், மொத்தத்தில் பத்து சதவீதத்துக்குக் குறையாது. பேனலுக்கும் தளத்துக்கும் நடுவே காற்றோட்டம் இருக்கட்டும். ஒட்ட ஒட்டப் பொருத்தியிருந்தால் இன்னும் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகத்தால் இதைவிடவும் இறங்கும், அப்போதும் பயப்படாதீர்கள்.

கே: மாடியில் தண்ணீர் டேங்க் இருக்கிறது. அதன் நிழல் சாயங்காலம் ஒரு பேனலில் மட்டும் விழும். பரவாயில்லையா? (குடியாத்தம் வாசகர்)

ப: பரவாயில்லை என்று விடாதீர்கள். ஒரே வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றவையும் அடி வாங்கும். காலை 9 முதல் மாலை 4 வரை நிழல் படாத இடம், கிலோவாட்டுக்கு 100 சதுர அடி, தெற்குப் பார்த்து 12, 13 டிகிரி சாய்வு. மார்கழியில் வெயில் தெற்கே சாய்ந்து நிழல் நீளும், அப்போது ஒரு தடவை மாடியேறிப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு மாடி எடுப்பாரா என்றும் விசாரியுங்கள்.

கே: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் போடலாமா? (கஸ்பா வாசகர்)

ப: கூடாது. ஒரு பேனலே 25 கிலோவுக்கு மேல் எடை. ஷீட் உடையும், ஏறுபவரும் விழுவார்.

கே: குரங்குத் தொல்லை இருக்கிறது. (சோளிங்கர் வாசகர்)

ப: கேபிள் முழுவதையும் குழாய்க்குள் விடுங்கள், தொங்கவிடாதீர்கள். பேனல் கண்ணாடி சுலபத்தில் உடையாது, ஒயர்தான் பிய்யும்.

கே: வாரம் ஒருமுறை போர் தண்ணீரில் கழுவுகிறேன். பேனல் மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. (ஆம்பூர் வாசகர்)

ப: உப்புத் தண்ணீரைக் காயவிட்டால் படியத்தான் செய்யும். நம் பாலாற்றுப் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவிரிக் குடிநீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஒரு பக்கெட் போதும். விடிகாலையில், கண்ணாடி சூடாவதற்கு முன், மெல்லிய துணி மாப்பால் துடைத்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். படிந்த வெள்ளையைக் கத்தியால் சுரண்டாதீர்கள், ஆசிட்டும் வேண்டாம். வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

கே: ஏ.சி. இரண்டு ஓடுகிறது, இரண்டு மாதத்துக்கு 700 யூனிட். 2 கிலோவாட் பேசியிருக்கிறோம். முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (வாலாஜாபேட்டை வாசகர்)

ப: யூனிட்டைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். 500ஐத் தாண்டிய வீட்டுக்குத்தான் சோலார் அசல் லாபம். மேலே இருக்கும் யூனிட் எட்டு, ஒன்பது ரூபாய். 3,800 கட்டும் நீங்கள் 300 சொச்சம் கட்டுவீர்கள், நாலு வருஷத்துக்குள் முதல் கைக்கு வந்துவிடும். தாராளமாகப் போடுங்கள்.

முழுப் பணத்தை மட்டும் கொடுக்காதீர்கள். ஆர்டருக்குக் கொஞ்சம், பொருள் மாடி ஏறியதும் பெரும்பகுதி, நெட் மீட்டர் (ஈ.பி.யிலிருந்து எடுத்த கரண்டையும் அதற்குக் கொடுத்த கரண்டையும் கணக்கிடும் மீட்டர்) பொருத்தி ஓடிய பிறகு மீதி. மானியம் கடைசியில், உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், கம்பெனிக்கு அல்ல. உள்நாட்டில் தயாரான சோலார் செல்லை வைத்துச் செய்த பேனலுக்குத்தான் மானியம் உண்டு, பில்லில் அதை எழுதி வாங்குங்கள். பேனல் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை, ஸ்டாண்டில் ஏற்றும் முன்பே ஒவ்வொன்றாக போட்டோ எடுத்து வையுங்கள். ஏற்றிய பிறகு குனிந்து படிக்க முடியாது.